ஹைரோகிளிஃப்: படவெழுத்தா, திருப்பொறிப்பா?

பண்டைய எகிப்தியரின் எழுத்தைக் குறிக்கும் ஹைரோகிளிஃப் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஹியரோஸ்' என்றால் புனிதமானது. 'கிளுஃபைன்' என்றால் செதுக்குவது. கோயில் சுவர்களில் இவ்வெழுத்துகளைக் கண்ட கிரேக்கர் இட்ட பெயர். எகிப்தியர் தம் எழுத்தை 'மெது நெட்ஜெர்', அதாவது தெய்வ மொழிகள், என்றார்கள்.

தமிழில் படவெழுத்து, சித்திர எழுத்து என்று எழுதிப் பழகிவிட்டோம். தோற்றத்துக்கு அது சரி, எழுத்து செய்யும் வேலைக்குச் சரியில்லை. ஆந்தையை வரைந்தால் பெரும்பாலும் 'ம்' என்ற ஒலிதான். 'வெளியேறு' என்பதை அவர்கள் எழுதிய விதத்தைப் பாருங்கள்: வீட்டின் தரைப்படம், அதன் கீழே வாய், பிறகு நடக்கும் கால்கள். வீடு தருவது 'ப்', 'ர்' என்ற இரண்டு மெய்யொலிகளை. வாய் அந்த 'ர்' ஒலியை உறுதிப்படுத்துகிறது. கால்களுக்கு ஒலியே கிடையாது. இது போக்குவரவைக் குறிக்கும் சொல் என்று காட்டுவதோடு சரி. படத்திலேயே பொருளைத் தேடியவர்கள் பல நூற்றாண்டுகள் தடுமாறினார்கள். 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் ஒலியைப் பிடித்த பிறகே பூட்டு திறந்தது.

கணினிக்குள் கொண்டுவந்தவர்களும் இதை எழுத்தாகவே நடத்தினார்கள். 1980களில் உருவான ஒரு முறையில், குறிகளுக்கு எண்ணும் எழுத்தும் கொடுத்து, ஒன்றின் கீழ் ஒன்று என்றால் முக்காற்புள்ளி, பக்கத்தில் என்றால் உடுக்குறி என்று தட்டச்சு செய்தார்கள். 2009இல், உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் தரும் ஒருங்குறியின் (யூனிகோடு) 5.2ஆம் பதிப்பு 1,071 குறிகளை ஏற்றது. எகிப்தியவியல் அறிஞர் ஆலன் கார்டினரின் குறிப்பட்டியலே அதற்கு அடிப்படை. ஆந்தையின் இடம் பதினறும எண்ணில் 13153. ஆனால் குறிகள் வரிசையாக நின்றால் போதாது. எகிப்தியர் அவற்றைக் கட்டம் கட்டமாக அடுக்கி எழுதினார்கள். அடுக்கச் சொல்லும் கட்டுப்பாட்டுக் குறிகள் 2019இல்தான் வந்தன. இப்போது 'வெளியேறு' நான்கு வரியுருக்கள்: வீடு, கண்ணுக்குத் தெரியாத 'கீழே வை' குறி, வாய், கால்கள். 2024இல் வந்த 16.0 பதிப்பு மேலும் 3,995 குறிகளைச் சேர்த்தது. எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி. கி.பி. 394இல் எகிப்தின் ஃபிலே தீவில் கடைசியாகப் பொறிக்கப்பட்டதாக நாம் அறியும் எழுத்தை இன்று தேடலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம். ஒளிப்படத்தால் அது முடியாது.

அதனால் நான் 'திருப்பொறிப்பெழுத்து' என்ற சொல்லையே பரிந்துரைப்பேன். 'திரு' புனிதத்தைச் சொல்கிறது. கல்லில் பொறிப்பது நமக்குப் பழகிய வினை. வில்லையும் புலியையும் கயலையும் பொறித்தவர்களின் மொழி இது. 'எழுத்து' என்ற சொல்லுக்கும் இங்கே தனிப் பொருத்தம் உண்டு. நம் 'எழுது' வரைவதையும் குறிக்கும். கண்ணுக்கு மை எழுதுகிறோம் அல்லவா? எகிப்திய மொழியிலும் எழுதவும் வரையவும் ஒரே வினைச்சொல்தான்.

வெறும் படத்தாலேயே பொருள் சொல்லும் குறிகளுக்குப் படவெழுத்து என்ற பெயர் இருக்கட்டும். ஒருங்குறியில், இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய அனத்தோலியத் திருப்பொறிப்பெழுத்துக்கும் தனித் தொகுதி இருப்பதால், குழப்பம் வரும் இடங்களில் 'எகிப்திய' என்ற அடையை மறக்காமல் சேர்க்க வேண்டும்.