கோல்ட் சோர்: குளிர்ப்புண் அல்ல, உதட்டுக் கொப்புளம்

குளிர்ப்புண் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோல்ட் சோர் என்பதில் உள்ள கோல்ட் குளிர் இல்லை, நாங்கள் தடிமன் என்று சொல்வது. தடிமனோ காய்ச்சலோ வரும் நாட்களில் உதட்டோரம் சின்னச் சின்னக் கொப்புளங்கள் திரளுவதால் வந்த பெயர். காய்ச்சல் கொப்புளம் என்பதும் அப்படித்தான். ஆனால் காய்ச்சல் அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். காரணம் ஹேர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ்.

ஹேர்ப்பீஸ் என்பது ஊர்ந்து போவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாங்கள் பாம்புக்குச் சொல்லும் சர்ப்பம் என்ற வடசொல்லுக்கும் அதே வேர்தான்! சிலர் உதட்டில் வரும் இந்தக் கொப்புளத்தை அக்கி என்கிறார்கள். அது வேறு: கொப்புளிப்பான் வந்து போனவருக்குப் பல வருடம் கழித்து உடலின் ஒரு பக்கத்தில் எரிந்துகொண்டு வருவதுதான் அக்கி. வாய்க்குள் வரும் வாய்ப்புண்ணும் வேறு, அது தொற்றாது. அதனால் உதட்டுக் கொப்புளம் என்றே சொல்வோம்.

2020 கணக்குப்படி உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதமானோரிடம் இந்த வைரஸின் முதல் வகை இருக்கிறது. ஒருமுறை உள்ளே போனால் முகத்து நரம்பு முடிச்சில் படுத்திருக்கும், பிறகு காய்ச்சல், மனவழுத்தம், நித்திரையின்மை, கடும் வெயில் என்று ஏதாவது வந்தால் எழும்பும். நல்லூர்த் திருவிழாவில் 25 நாளும் வெயிலில் நின்ற என் மச்சாளுக்குத் தீர்த்தம் முடிந்த கையோடு வந்துவிட்டது. முதலில் உதடு குறுகுறுக்கும். அசிக்ளோவிர் கிறீமை அப்போதே பூசத் தொடங்கினால்தான் பலன், பொருக்குக் கட்டிய பிறகு பூசி என்ன! வெயிலுக்குப் போகும்போது சன்ஸ்கிறீன் கலந்த உதட்டுப் பூச்சு நல்லது. கொப்புளத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணில் வைக்கவே கூடாது, பார்வையைக் கெடுத்துவிடும். தேத்தண்ணிக் கோப்பை, துவாய் எல்லாம் ஆறும்வரை தனியாக இருக்கட்டும்.

போன வருடம் தங்கச்சியின் பிள்ளைக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவு. பெரியம்மா கீழுதட்டில் தேன் நிறப் பொருக்கோடு வந்து, பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் கொஞ்சக் குனிந்தார். நான் இடையில் கையை வைத்துவிட்டேன். "காய்ச்சல் கொப்புளம் தானே பிள்ளை" என்று முகம் வாடினார். அந்தப் பெயர்தான் அவரை ஏமாற்றியது. பச்சைப் பிள்ளைக்கு இந்த வைரஸ் மூளை, ஈரல் வரை போய் உயிரையே எடுக்கும் என்று சொன்னதும் பிள்ளையை உடனே தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிய பிறகு வந்து ஆசை தீரக் கொஞ்சினார்.