மரபணு வரிசைக்குக் காப்புரிமை: விண்ணப்பத்தில் எதையெல்லாம் எழுதியாக வேண்டும்?

பிச்சாவரம் சதுப்புநிலச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருக்கிறார் ஓர் ஆராய்ச்சி மாணவர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மரபணுத் தொகுதியை சீக்வென்ஸ் செய்து, அதாவது எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்ததில், உப்பு நீரிலும் சளைக்காமல் வேலை செய்யும் ஒரு நொதி கிடைத்துவிட்டது. 300 அமினோ அமிலம் நீளமுள்ள புரதம். வழிகாட்டிக்குச் சந்தோஷம், துறைத்தலைவருக்கு அதைவிடச் சந்தோஷம். "உடனே பேட்டன்ட் போடுங்க" என்கிறார்கள். மாணவரும் நொதியின் வரிசையை நகலெடுத்து, இரண்டு பக்க விளக்கத்தோடு ஒரு கோப்பைத் தயார் செய்கிறார்.

அந்தக் கோப்பு தேறாது. கண்டுபிடிப்பில் குறை இருப்பதால் அல்ல. காப்புரிமைச் சட்டம் கேட்கும் விளக்கம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

காப்புரிமை ஒரு கொடுக்கல் வாங்கல். 20 ஆண்டுக்கு வேறு யாரும் இதைச் செய்யக்கூடாது என்ற உரிமையை அரசு தருகிறது. பதிலுக்கு, அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர் படித்துவிட்டுத் தானே செய்து பார்க்கும் அளவுக்கு நீங்கள் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன் 10(4) பிரிவு இதைத்தான் சொல்கிறது. கண்டுபிடிப்பையும், அது இயங்கும் விதத்தையும், செய்யும் முறையையும் முழுமையாக, குறிப்பாக விவரிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த முறைகளில் சிறந்ததைச் சொல்ல வேண்டும். கடைசியில், எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்ற கிளெய்ம்கள் வர வேண்டும். அந்தக் கிளெய்ம்கள் தெளிவாகவும் சுருக்கமாகவும், விளக்கத்தில் உள்ள விஷயத்தை நியாயமாகச் சார்ந்தும் இருக்க வேண்டும் என்கிறது 10(5).

"சிறந்த முறை" என்ற சொல்லைப் பலர் கண்டுகொள்வதில்லை. நொதி 37 டிகிரியில் ஓரளவும் 42 டிகிரியில் பிரமாதமாகவும் வேலை செய்கிறது என்று உங்கள் நோட்டில் எழுதியிருந்தால், விண்ணப்பத்தில் 37-ஐ மட்டும் போட்டுவிட்டு 42-ஐ வியாபார ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் விளக்கத்துக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. அது 3-ஆம் பிரிவு. இயற்கையில் இருக்கும் உயிரையோ பொருளையோ கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 3(சி). காப்புரிமை அலுவலகம் 2013 மார்ச்சில் வெளியிட்ட உயிரித்தொழில்நுட்ப வழிகாட்டி நெறிகளும், இயற்கையிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த மரபணு வரிசைக்கும் புரதத்துக்கும் உரிமை இல்லை என்கின்றன. எனவே பிச்சாவரம் நொதியின் வரிசையை அப்படியே "என்னுடையது" என்று கேட்க முடியாது. அந்த வரிசையில் சில இடங்களை மாற்றி இன்னும் நிலைத்திருக்கும் நொதியை உருவாக்கினால், அல்லது அந்த மரபணுவை வேறொரு செல்லில் ஏற்றி உற்பத்திக்குத் தோதான அமைப்பு ஒன்றைச் செய்தால், பேச இடம் உண்டு. அமெரிக்காவும் 2013-இல் மிரியட் வழக்கில், பிரித்தெடுத்த இயற்கை டிஎன்ஏவுக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது.

சரி, மாற்றியமைத்த நொதிக்குத்தான் விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது.

"70 சதவீதம் ஒத்த எதுவும்"

விண்ணப்பத்தில் தரும் முதல் வரிசைக்கு 'வரிசை எண் 1' என்று பெயர். மாணவர் எழுதும் முதல் கிளெய்ம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "வரிசை எண் 1-உடன் குறைந்தது 70 சதவீதம் ஒத்த எந்த அமினோ அமில வரிசையும்." பார்க்க அடக்கமாகத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 இடமுள்ள புரதத்தில் 70 சதவீத ஒப்பு என்றால் 90 இடம் வரை மாறலாம். ஒவ்வோர் இடத்திலும் மாற்றாக வர 19 அமினோ அமிலங்கள் உண்டு. ஒரே ஓர் இடம் மாறினால் 5,700 புரதங்கள். இரண்டு இடம் மாறினால் 1.6 கோடி. மூன்று இடம் மாறினால் 3,000 கோடியைத் தாண்டிவிடும். இன்னும் 87 இடம் பாக்கி இருக்கிறது. இதில் மாணவர் ஆய்வகத்தில் செய்து பார்த்தது நான்கோ ஐந்தோ.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் கேள்வி நேரடியாக வரும்: இத்தனையும் உப்பு நீரில் வேலை செய்யும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பதில் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். எந்த இடங்களை மாற்றினால் நொதி செத்துவிடுகிறது, எந்த இடங்கள் மாறினாலும் பாதிப்பில்லை, வினை நடக்கும் மையம் எது, அதன் வடிவம் என்ன என்பதற்குத் தரவு வேண்டும். அது இல்லையென்றால், 70-ஐ 95 ஆக்கி, கூடவே "இன்ன இடத்தில் இன்ன மாற்றம் கட்டாயம்" என்று சேர்த்துக் கேட்பதுதான் கௌரவமான வழி. அகலமாகக் கேட்டுவிட்டு ஆய்வாளர் குறைக்கட்டும் என்று காத்திருப்பது ஒரு பழைய உத்தி. குறைத்து நிற்பதற்கான இடமாவது விளக்கத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அதுவும் பலிக்கும்.

எண் தெளிவாக இருந்தாலும் அதை அளக்கும் கோல் தெளிவாக இல்லாவிட்டால் பயனில்லை. இரண்டு வரிசைகளை ஒப்பிடும் மென்பொருளையும், இடைவெளிக்கு எவ்வளவு மதிப்பெண் கழிக்கிறது என்பதையும் மாற்றினால் அதே ஜோடி ஒரு கணக்கில் 71 சதவீதமும் இன்னொன்றில் 68 சதவீதமும் காட்டக்கூடும். எந்த மென்பொருள், என்ன அமைப்பு என்று எழுதிவிடுங்கள். "இந்த வரிசையோடு கடுமையான நிலைமைகளில் இணையும் டிஎன்ஏ" என்று எழுதுவதும் இதே ரகம்தான். எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு என்று சொல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். வரிசைகளைச் சேமிக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கின் எண்ணை மட்டும் கொடுப்பதும் ஆபத்து. அந்தப் பதிவுகள் திருத்தப்படுபவை. பதிப்பு எண்ணோடு குறிப்பிட்டு, வரிசையையும் முழுதாகத் தந்துவிட வேண்டும். மனித மரபணுத் தொகுதியில் ஓர் இடத்தைச் சொல்லும்போது அந்தத் தொகுதியின் எந்தப் பதிப்பு, ஜிஆர்சிஎச் 37-ஆ 38-ஆ என்று சொல்லாவிட்டால், நீங்கள் சொல்லும் இடமும் ஆய்வாளர் பார்க்கும் இடமும் வேறாகிவிடும்.

எழுதாததைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. அது இந்தியாவைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் விஷயம் பளிச்சென்று புரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1977-இல் எலியின் இன்சுலின் சி-டிஎன்ஏ (செல்லின் ஆர்என்ஏவைப் பார்த்து ஆய்வகத்தில் எடுக்கும் டிஎன்ஏ நகல்) வரிசையைக் கண்டுபிடித்து விண்ணப்பித்தது. கிளெய்மிலோ மனித இன்சுலின் சி-டிஎன்ஏவும் சேர்ந்திருந்தது. மனித வரிசையைப் பெறுவதற்கான பொதுவான வழியை எழுதியிருந்தார்கள். வரிசையை எழுதவில்லை, ஏனென்றால் அப்போது கையில் இல்லை. எலை லில்லி நிறுவனத்துக்கு எதிரான அந்த வழக்கில் 1997-இல் தீர்ப்பு வந்தது. "மனித இன்சுலின் சி-டிஎன்ஏ" என்று பெயர் சொல்வதும், அது என்ன செய்யும் என்று சொல்வதும் அந்தப் பொருளை விவரித்ததாகாது என்று சொல்லி, அந்தக் கிளெய்ம்கள் செல்லாது என்றது நீதிமன்றம். 2023 மே மாதம் ஆம்ஜென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதே திசையில்தான் போனது. 26 ஆன்டிபாடிகளின் வரிசையை எழுதிவிட்டு, அதே வேலையைச் செய்யும் எல்லா ஆன்டிபாடிகளையும் கேட்டிருந்தார்கள். அகலமாகக் கேட்டால் அந்த அகலத்துக்கும் செய்முறை சொல்ல வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்.

வரிசைப் பட்டியல்

விண்ணப்பத்தில் டிஎன்ஏ அல்லது அமினோ அமில வரிசை இருந்தால், அதைக் கணினி படிக்கும் உரைக்கோப்பாக விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்கிறது காப்புரிமை விதி 9(3). அச்சுப்பிரதி தேவையில்லை. இந்தப் பட்டியலுக்கான, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் எஸ்டி.26 தரம் 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் இருக்க வேண்டும். அந்த அமைப்பே இலவசமாகத் தரும் 'வைப்போ சீக்வென்ஸ்' மென்பொருளில் செய்துவிடலாம். பத்துக்கும் குறைவான, இன்னதென்று தெரிந்த எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ துண்டும், நான்குக்கும் குறைவான அமினோ அமிலம் கொண்ட துண்டும் பட்டியலில் சேராது. ஆர்என்ஏவாக இருந்தாலும் 'யு' எழுத்துக்குப் பதில் 'டி' தான் போட வேண்டும். இது முதல்முறை செய்பவர்களைக் கட்டாயம் குழப்பும்.

இணையவழியில் தாக்கல் செய்தால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. வரிசைப் பட்டியலுக்குப் பக்கத்துக்கு 160 அல்லது 800 ரூபாய் என்று கணக்கு. உச்சவரம்பு முறையே 24,000-உம் 1,20,000-உம். எனவே 2,000 பக்கப் பட்டியல் கொடுத்தாலும் கல்லூரிக்கு 24,000-க்கு மேல் போகாது.

பட்டியலில் ஒரு எழுத்தும் விளக்கத்தில் வேறு எழுத்தும் இருந்தால் தலைவலிதான். தாக்கலுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து, பிரைமர் (டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) ஒவ்வொன்றையும் ஆய்வக நோட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இருபது எழுத்துள்ள பிரைமரில் ஓர் எழுத்து பிசகினால், படித்துச் செய்து பார்ப்பவருக்கு வேறு முடிவு வரக்கூடும். பிறகு திருத்தலாமே என்றால், 59-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. விலக்கிக்கொள்ளலாம், பிழை திருத்தலாம், விளக்கம் தரலாம். ஆனால் முதலில் சொல்லாத விஷயத்தைப் புதிதாக நுழைக்க முடியாது. விட்டுப்போன வரிசையைச் சேர்ப்பது புதிதாக நுழைப்பதுதான்.

தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தரலாம். ஆனால் இடையில் கண்டுபிடித்த வரிசைக்குத் தற்காலிக விண்ணப்பத்தின் தேதி கிடைக்காது. ஒவ்வொரு கிளெய்முக்கும் அது எந்த ஆவணத்தில் முதலில் சொல்லப்பட்டதோ அந்தத் தேதிதான். அப்புறம் இன்னொன்று: பத்திரிகை கேட்கிறது என்று வரிசையை ஜென்பேங்கில் ஏற்றினால், அது வெளியான நாளிலேயே காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். குறிப்பிட்ட தேதி வரை வெளியிடாமல் வைக்கும் வசதி அங்கே இருக்கிறது. தாக்கல் முடியும்வரை அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சோதனை முறைக்கு உரிமை கேட்பவர்கள்

வரிசைக்கு அல்லாமல், சீக்வென்ஸ் செய்து பார்க்கும் முறைக்கு உரிமை கேட்பவர்களுக்கு 3(ஐ) என்ற இன்னொரு தடை உண்டு. மனிதருக்கான நோயறிதல் முறைக்குக் காப்புரிமை இல்லை. இதில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகமும் சீக்வெனோம் நிறுவனமும் தொடுத்த மேல்முறையீடு அது. தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டிஎன்ஏவை ஆராய்ந்து, அதன் விகிதத்தைக் கணக்கிடும் முறை பற்றியது. உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் செய்யும் சோதனை என்பதாலேயே தடையிலிருந்து தப்பிவிட முடியாது என்றார் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி. ஆனால் அந்த முறையின் முடிவை வைத்துச் சிகிச்சைக்கான நோயறிதல் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. செய்ய முடியும் என்றால், அது உறுதியான முடிவாக இல்லாவிட்டாலும் தடை பொருந்தும். முடியாது என்றால் பொருந்தாது. கருவின் டிஎன்ஏ விகிதம் நோயைச் சொல்வதில்லை என்பதால் மேல்முறையீடு வென்றது.

எழுதுபவருக்கு இதில் வேலை இருக்கிறது. முறை எதை அளக்கிறது, அந்த அளவு தன்னளவில் எதைச் சொல்கிறது என்பதை விளக்கத்தில் மங்கலாக விட்டால், ஆய்வாளர் அதை நோயறிதல் என்றே எடுத்துக்கொள்வார். கணக்கீடு மட்டும் இருந்து சோதனைப் படிகள் இல்லையென்றால், அல்காரிதம் என்று 3(கே) பிரிவில் மாட்டும். மாதிரியை எப்படி எடுத்தீர்கள், டிஎன்ஏவை எப்படிப் பிரித்தீர்கள், ஒவ்வோர் இடத்தையும் எத்தனை முறை படித்தீர்கள், எந்த எல்லைக்கு மேல் "ஆம்" என்று சொல்கிறீர்கள் என்பதெல்லாம் எண்ணோடு வர வேண்டும்.

பாக்டீரியாவே சாட்சி

எழுத்தில் எவ்வளவு விவரித்தாலும் இன்னொருவர் செய்து பார்க்க முடியாதபடி சில உயிர்ப்பொருள்கள் இருக்கும். அது பொதுமக்களுக்குக் கிடைக்காத பொருளாகவும் இருந்தால், புடாபெஸ்ட் ஒப்பந்தப்படி அங்கீகாரம் பெற்ற சேமிப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். சண்டிகரில் உள்ள எம்டிசிசி அப்படிப்பட்ட ஒன்று. புனேயிலும் உண்டு. ஒப்படைக்கும் தேதி இந்தியாவில் விண்ணப்பிக்கும் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. சேமிப்பகத்தின் பெயர், முகவரி, தேதி, எண் ஆகியவற்றை விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் விளக்கத்தில் குறிப்பிட வேண்டும்.

முதலில் பார்த்த 10(4) பிரிவே, உயிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது, அதன் புவியியல் மூலம் எது என்பதையும் எழுதச் சொல்கிறது. "தமிழ்நாட்டுக் கடற்கரை" என்று எழுதுவதைவிட "கடலூர் மாவட்டம், பிச்சாவரம்" என்று எழுதுவது நல்லது. மூலத்தைச் சொல்லாமல் விட்டாலோ தவறாகச் சொன்னாலோ, அதைக் காட்டியே ஒருவர் எதிர்ப்பு தெரிவிக்கலாம், கொடுத்த காப்புரிமையை ரத்து செய்யவும் கேட்கலாம். படிவம் 1-லேயே, இந்திய உயிர்ப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்ற உறுதிமொழிக்கு ஓர் இடம் இருக்கிறது.

அந்த உறுதிமொழியைத் தந்துவிட்டால் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் கதவையும் தட்டியாக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பல்லுயிர்ச் சட்டத் திருத்தத்தின்படி, இந்திய விண்ணப்பதாரர் காப்புரிமை கிடைப்பதற்கு முன் ஆணையத்தில் பதிவு செய்தால் போதும். வெளிநாட்டவருக்கு முன் ஒப்புதல் தேவை. கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம் மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட பிறகும், இந்த ஒரு தாளுக்காக விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். எனவே ஆய்வு அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், தாக்கல் செய்த கையோடு ஆணையத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.