சாக்கடை வேலைக்கே அதிக மதிப்பு: ஸ்கின்னரின் கற்பனை ஊர் இயங்கும் விதம்

எல்லோரும் சமம் என்று ஒரு கனவு ஊரைக் கட்டிவிடலாம். ஆனால் அங்கே சாக்கடையை யார் சுத்தம் செய்வது? அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட ‘வால்டன் டூ’ நாவலில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் ஊர் அது. அங்கே சம்பளம் கிடையாது. சாப்பாடு, வீடு, துணி, மருத்துவம் எல்லாம் பொது. அதற்கு ஈடாக ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1,200 உழைப்புப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வைத்தால் நாளுக்கு 4 புள்ளி. ஒரு மணி நேர வேலைக்கு எத்தனை புள்ளி என்பதுதான் வேலைக்கு வேலை மாறும். சாக்கடை சுத்தம் செய்தால் மணிக்கு 1.5 புள்ளி, மூன்று மணி நேரம் ஆவதற்குள் அன்றைய கணக்கு முடிந்துவிடும். பூந்தோட்ட வேலைக்கு வெறும் 0.1 புள்ளி. அதை மட்டுமே செய்து ஒரு நாள் கணக்கை முடிக்க 40 மணி நேரம் தேவைப்படும்!

இந்த மதிப்புகள் நிரந்தரமானவை அல்ல. ஒரு வேலைக்கு ஆள் குவிந்தால் புள்ளி இறங்கும்; ஆள் வராவிட்டால் ஏறும். யாரையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், தியாகம் செய்யச் சொல்லவும் வேண்டாம். யார் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்து எண்ணை மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் எல்லா வேலையும் ஏறக்குறைய ஒரே அளவு விருப்பத்துக்குரியதாகிவிடும் என்பது கணக்கு.

இந்த யோசனையின் வேர் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒரு செயலுக்குப் பின் என்ன கிடைக்கிறது என்பதே அந்தச் செயல் மறுபடி நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது என்று, ஒரு பெட்டிக்குள் நெம்புகோலை அழுத்தி உணவு பெறும் எலிகளை வைத்து ஸ்கின்னர் 1930களில் காட்டினார். பயனால் ஒரு நடத்தை உறுதிப்படுவதை வலுவூட்டல் என்கிறார்கள். தண்டனையையும் அவர் சோதித்தார். உணவு வருவதை நிறுத்திவிட்டு, நெம்புகோலை அழுத்திய சில எலிகளின் பாதத்தில் கொஞ்ச நேரம் மட்டும் அடி விழச் செய்தார். அழுத்துவது சட்டென்று குறைந்தது. ஆனால் அடி நின்றபின் அவை மெல்ல மெல்ல, அடி வாங்காத எலிகள் அழுத்திய மொத்த எண்ணிக்கையை எட்டிவிட்டன. தண்டனை நடத்தையை அடக்கி வைக்கிறதே தவிர அழிப்பதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவருடைய ஊரில் தண்டனைக்கு இடமில்லாமல் போனது இதனால்தான்.

சுயக்கட்டுப்பாட்டையும் அங்கே உபதேசமாகச் சொல்லித் தருவதில்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் பொடித்த சர்க்கரை தூவிய லாலிபாப் தரப்படுகிறது. நாக்கு ஒருமுறை பட்டாலும் தடம் தெரிந்துவிடும். நக்காமல் வைத்திருந்தால் அப்புறம் சாப்பிடலாம். இதோடு விட்டிருந்தால் அது வெறும் சோதனைதான். ஆனால் அடுத்த படியில் லாலிபாப்பை மறைத்து வைத்து, இப்போது தவிப்பு குறைகிறதா என்று குழந்தைகளையே கவனிக்கச் சொல்கிறார்கள். பிறகு ஒரு விளையாட்டில் அவர்களை ஈடுபடுத்துகிறார்கள். ஆசையோடு மல்லுக்கட்டுவதைவிட அதைக் கண்ணில் படாமல் வைப்பது சுலபம் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். நாவல் வந்து சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின் உளவியலாளர் வால்டர் மிஷெல் குழந்தைகளிடம் நடத்திய காத்திருப்புச் சோதனைகளிலும், இனிப்பு கண்ணில் படாதபோது அவர்கள் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள்.

சரி, புள்ளிகளை நிர்ணயிப்பது யார்? ஊரை நடத்தும் திட்டமிடுவோர் ஆறு பேர். பதவிக்காலம் அதிகபட்சம் பத்தாண்டு. அவர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த ஏற்பாட்டின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எலிப் பெட்டியில் ஆய்வாளர் வெளியே நிற்கிறார். ஊரிலோ அவரும் பெட்டிக்குள்தான். அவருடைய நடத்தையையும் பயன்கள்தானே வடிவமைக்கும்? பதவிக்கு ஆண்டுக்கு 600 புள்ளி மட்டும் கொடுத்து, மீதியை மற்றவர்களைப் போல உழைத்துச் சேர்க்க வைக்கிறார் ஸ்கின்னர். புள்ளியில் சலுகை இல்லை என்பது சரிதான். ஆனால் மற்றவர் வாழ்க்கையை வடிவமைக்கும் அதிகாரமே ஒரு பெரிய வலுவூட்டல். அதற்கு அந்தக் கணக்கில் எண் இல்லை.

நாவலைப் படித்துவிட்டு நிஜமாகவே ஊர் கட்டியவர்களும் உண்டு. 1967இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ட்வின் ஓக்ஸ் என்ற ஊர் தொடங்கியது. வேலைக்கு வேலை மாறும் புள்ளியை அங்கேயும் முயன்றார்கள். ஆனால் ஒருவருக்குப் பிடிக்காத வேலை இன்னொருவருக்குப் பிடித்துப்போனது. இருவருக்கும் பொதுவாக எந்த எண்ணை வைப்பது? கடைசியில், எந்த வேலையானாலும் ஒரு மணிக்கு ஒரு புள்ளி என்று மாற்றிக்கொண்டார்கள். பயன்களைக் கொண்டு நடத்தையை வடிவமைக்கும் ஸ்கின்னரின் நடத்தை உளவியலும் பின்னுக்குப் போனது. ஊர் மட்டும் நிலைத்து நிற்கிறது. மெக்சிகோவின் சொனோராவில் 1973இல் உருவான லோஸ் ஓர்கோனெஸ் ஊரார் உளவியலை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஊரை ஆளும் முறையையே ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். சாக்கடை வேலைக்கு ஸ்கின்னர் செய்ததை நிர்வாகத்துக்கும் செய்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.