தகவமைவு: அமைத்தவர் இல்லாமல் அமைந்தது

மனித மனத்தின் இயல்புகளைப் பரிணாமத்தைக் கொண்டு விளக்கும் துறை பரிணாம உளவியல். அதில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதலில் எதிர்ப்படும் சொல் ‘அடாப்டேஷன்’. லத்தீனில் ‘ஆப்டுஸ்’ என்றால் பொருத்தமானது. ‘அட்’ என்ற முன்னொட்டு சேர்ந்ததும், ஒன்றை இன்னொன்றுக்குப் பொருத்துதல் என்று பொருள் வந்தது. நம் பாடநூல்களில் இது தகவமைப்பு, இலங்கைத் தமிழில் இசைவாக்கம்.

முதல் பாதியான ‘தகவு’ பழைய சொல். தகுதியும் ‘தக்க’ என்பதும் பிறந்த அதே ‘தகு’ என்னும் வேர்தான். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்கிறது 114ஆம் குறள். எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் நன்மக்கள் என்று உரை சொன்னார். வள்ளுவர் பேசுவது நடுவுநிலைமையைப் பற்றி, உயிரியலைப் பற்றி அல்ல. அதை இதற்குள் திணிக்கக் கூடாது. ஆனாலும் ஓர் உயிரின் தகுதியை உயிரியலார் அளப்பதும் அது விட்டுச்செல்லும் சந்ததியைக் கொண்டுதான். அதனால் ‘தகவு’ என்று தொடங்கியது நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன்.

என் மனக்குறை இரண்டாம் பாதியில். அமைத்தால் அமைப்பு, அமைந்தால் அமைவு. இணைத்தால் இணைப்பு, இணைந்தால் இணைவு என்பதைப் போல. முன்னதில் செய்பவர் ஒருவர் இருக்கிறார், பின்னதில் இல்லை. இயற்கைத் தேர்வில் செய்பவர் யாரும் கிடையாது. மரபுவழி வரும் ஒரு பண்பு வாய்த்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்து, கொஞ்சம் கூடுதலாகப் பிள்ளை பெற்றார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பண்பு பரவியது. அவ்வளவுதான். ‘ஒட்டகம் பாலைவனத்தில் வாழத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது’ என்று மாணவர் எழுதும்போது, ஒட்டகமே முடிவெடுத்தது போல ஆகிவிடுகிறது. ஆகவே தகவமைவு என்று எழுதுவதே சரி.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சேலத்து வெயிலில் வளர்ந்தவர் ஏற்காட்டுக்குக் குடிபோனால், முதலில் ‘குளிர் ஒத்துக்கல’ என்பார். அப்புறம் ஸ்வெட்டர் இல்லாமலே காலையில் கடைக்குப் போய் வருவார். இது ஓர் ஆளின் ஆயுளுக்குள் நடப்பது, பிள்ளைக்குப் பிறப்பிலேயே வராது. இதற்குப் பழகுதல், ஒத்துக்கொள்ளுதல் என்ற சொற்கள் நம் வாயிலேயே இருக்கும்போது தகவமைவை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

சேர்வராயன் மலைக் காபியில் இரண்டையும் பார்க்கலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே கொண்டுவந்த பயிர் அது. அதில் உள்ள காஃபீன் பூச்சிகளிடமிருந்து செடியைக் காக்கும் பொருள். நாக்குக்குக் கசக்கும். செடிகளில் உள்ள நஞ்சுகள் பலவும் கசப்பவை. பிறந்த குழந்தையின் நாக்கில் கசப்பு பட்டால் அது முகத்தைச் சுளிக்கும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அந்தச் சுளிப்பு தகவமைவு. அதே குழந்தை வளர்ந்து, டிகாக்‌ஷன் தூக்கலாக வேண்டும் என்று கேட்பது பழக்கம்.

சரி, ஒரு பண்பு தகவமைவுதான் என்று எப்படிச் சொல்வது? பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1966லேயே எச்சரித்தார்: இது பாரமான சொல், தேவைப்பட்ட இடத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று. பழங்கால மனிதருக்கு இது உதவியிருக்கும் என்று கதை கட்டுவது சுலபம். அந்தக் கதை சரியென்றால் இன்று எதைக் காண வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிச் சோதிப்பதுதான் ஆய்வு.

பாம்பைப் பற்றிய பயத்தை எடுத்துக்கொள்வோம். காபித் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அது தெரிந்த பயம். உளவியலாளர்கள் மைக்கேல் குக்கும் சூசன் மினேக்காவும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் வளர்ந்த, பாம்புக்குப் பயப்படாத ரீசஸ் குரங்குகளுக்கு வீடியோ காட்டினார்கள். வேறொரு குரங்கு மிரளும் காட்சி அது. வெட்டி ஒட்டியதில், சிலவற்றுக்கு அது பொம்மைப் பாம்பைப் பார்த்து மிரள்வதாகத் தெரிந்தது. சிலவற்றுக்குப் பூவைப் பார்த்து மிரள்வதாகத் தெரிந்தது. பாம்பு வீடியோவைப் பார்த்தவை பயத்தைக் கற்றுக்கொண்டன. பூ வீடியோவைப் பார்த்தவை கற்கவில்லை. பயம் பிறவியிலேயே இல்லை. ஆனால் சிலவற்றுக்கு மட்டும் சட்டெனப் பயப்படக் கற்கும் ஆயத்தம் இருக்கிறது. இங்கே தகவமைவு என்று சொல்லத் தக்கது அந்த ஆயத்தமே. ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வேகமாகப் போகும் பைக்கைக் கண்டு பயப்பட நமக்கு அப்படி ஓர் ஆயத்தம் உருவாகத் தலைமுறைகள் போதவில்லை என்பது இத்துறையினர் தரும் விளக்கம்.

எல்லாப் பண்பும் தகவமைவு அல்ல. எலும்பு வெள்ளையாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை, கால்சியம் உப்புகள் வெள்ளை என்பதால் வந்த நிறம் அது. இதை உடன்விளைவு எனலாம். 1979இல் உயிரியலாளர்கள் ஸ்டீஃபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவன்டினும் இப்படிப்பட்டவற்றையெல்லாம் தகவமைவுக் கணக்கில் சேர்ப்பதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஒன்றுக்காக உருவாகி, பிறகு வேறொன்றுக்குப் பயன்பட்டால், அதற்கு 1982இல் கூல்டும் தொல்லுயிரியலாளர் எலிசபெத் விர்பாவும் ‘எக்ஸாப்டேஷன்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள். வெப்பம் காக்க வந்ததாகக் கருதப்படும் இறகு பின்னால் பறக்க உதவியது அப்படித்தான். தமிழில் அதைப் புதுப்பயன் எனலாம்.