சினைக் குதிரைக்குக் கடற்பாசிப் பொடி கொடுக்காதீர்கள்

பிறந்து அரை நாளாகியும் எழுந்து நிற்க முடியாமல், தொண்டைக்குக் கீழே இருபுறமும் கழலை புடைத்து, முன்னங்கால்கள் மடங்கிக் கிடந்த ஒரு குட்டியை அண்மையில் மீண்டும் பார்க்க நேர்ந்தது. தாய்க்குச் சினைக்காலம் முழுவதும் கொள்ளோடு கடற்பாசிப் பொடி கலந்து கொடுத்திருக்கிறார்கள். கழலையைக் கண்டதும், அயோடின் போதவில்லை என்று தாமே முடிவு செய்து, பால் கொடுக்கும் தாய்க்குப் பொடியின் அளவை இரு மடங்காக்கியும் விட்டார்கள். குட்டி பிழைக்கவில்லை. தவிர்த்திருக்கக்கூடிய இந்த இழப்பை இனியும் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல், கால்நடை மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கழலை என்றாலே அயோடின் பற்றாக்குறை என்று பள்ளியில் படித்தது நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. அது பாதி உண்மை மட்டுமே. அயோடின் அளவுக்கு மீறினாலும் தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்வதை நிறுத்திக்கொள்கிறது. ஹார்மோன் குறைந்ததை உணரும் மூளை, சுரப்பியை மேலும் மேலும் தூண்ட, அது வீங்குகிறது. குறைவாலும் கழலை வரும், மிகுதியாலும் கழலை வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அயோடின் சேர்த்த உப்பும் தாது உப்புக் கலவையும் நாள்தோறும் தின்னும் குதிரையின் குட்டிக்குக் கழலை கண்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மிகுதியைத்தான். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கடற்பாசி தின்ற குதிரைகளின் குட்டிகளுக்குக் கழலை வந்ததை 1968-இலேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

“தாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே, முடி பளபளவென்று இருக்கிறதே” என்பது அடுத்து நான் கேட்கும் சொல். வளர்ந்த குதிரையின் சுரப்பி, மிகுதியான அயோடினுக்குச் சில நாட்களில் பெரும்பாலும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். கருவிலிருக்கும் குட்டிக்கு அந்தத் திறன் இல்லை. தாய் உண்ணும் அயோடின் நச்சுக்கொடி வழியாகக் குட்டிக்குச் செல்கிறது, பிறந்த பின் பாலிலும் செறிந்து இறங்குகிறது. ஆகவே தாயின் உடல்நலத்தைப் பார்த்துக் குட்டியின் நிலையைக் கணிக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். 400 கிலோ எடையுள்ள சினைக் குதிரைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் ஏறத்தாழ 3 மில்லிகிராம். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவிலேயே குட்டிகளுக்குக் கழலை கண்டிருக்கிறது. பழுப்புக் கடற்பாசி ஒரு கிலோவில் 1,000 மில்லிகிராம் அயோடின் இருப்பது அரிதல்ல. கெல்ப் என்று விற்கப்படும் சில வகைகளில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்றே வைத்தாலும் 50 கிராம் பொடியிலேயே 50 மில்லிகிராம் சேர்ந்துவிடுகிறது. பாசியின் இனம், அறுவடை செய்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கேற்ப இந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், சென்ற முறை வாங்கிய பொட்டலத்தை வைத்து இந்தப் பொட்டலத்தை அளவிட இயலாது. இதற்கு மேல் முடிக்கு ஒரு டானிக், குளம்புக்கு ஒரு பொடி என்று கொடுப்பவர்கள், அவற்றிலும் அயோடின் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரையைக் கொண்டுபோகும் முன் மினுமினுப்பு வர வேண்டும் என்று ஸ்பைருலினா, அதாவது சுருள்பாசி, வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். இது பெரும்பாலும் காரத்தன்மையுள்ள தொட்டி நீரில் வளர்க்கப்படுவது. கடற்பாசியைப் போல அயோடின் நிறைந்ததல்ல. தூய்மையாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் குதிரைக்குக் கேடில்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் “60 சதவீதம் புரதம்” என்பதைப் படித்துவிட்டு, நாளொன்றுக்கு 20 கிராம் போடுகிறீர்கள். அதில் கிடைக்கும் புரதம் 12 கிராம். அதே புரதம் ஒரு கைப்பிடிக் கொள்ளில் இருக்கிறது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிராம் புரதம் வேண்டும்; ஒரு கிலோ உலர்ந்த குதிரைமசால் மட்டுமே 150 கிராமுக்கு மேல் கொடுக்கும். அந்தப் பொடிக்குச் செலவிடும் பணத்தில் நல்ல தீவனம் வாங்குங்கள், முறையாகக் குடற்புழு நீக்குங்கள், பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். முடி மங்கியிருக்கிறது என்று என்னிடம் வரும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் புழுவும் பல்லும்தான்.

தூய்மை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறந்த தொட்டியிலோ ஏரியிலோ எடுக்கும் நீலப்பச்சைப் பாசியில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நச்சுப் பாசிகள் கலந்துவிடலாம். அவற்றின் நஞ்சு ஈரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் அழியாது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. கோடையில் பச்சைப் படலம் கட்டிய பண்ணைக்குட்டையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

பாசியிலிருந்து எடுக்கும் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. தூசியால் நாள்பட்ட இருமல் உள்ள குதிரைகளுக்கு, தூசியற்ற தீவனத்தோடு பாசியிலிருந்து பெறும் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது பயன் தெரிந்திருக்கிறது. அது மருத்துவர் நோயைப் பார்த்து, அளவு குறித்துக் கொடுப்பது.

சினைக் குதிரைக்கும் பால் கொடுக்கும் குதிரைக்கும் கடற்பாசி எந்த வடிவிலும் வேண்டாம். இப்போது கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டிய தேவையில்லை. பயிருக்குத் தெளிக்கும் கடற்பாசிச் சாற்றைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். அது உரம், அதில் பலவும் காரம் சேர்த்துப் பிழிந்தெடுக்கப்படுபவை, எந்தக் குதிரைக்கும் கொடுக்கக் கூடாது. அயோடின் அளவு அச்சிடப்படாத பொட்டலத்தை வாங்காதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சத்துப் பொடிகள் கொடுக்கிறீர்கள் என்றால், எல்லாவற்றிலும் உள்ள அயோடினைக் கூட்டிப் பாருங்கள். கூட்டத் தெரியாவிட்டால் பொட்டலங்களை எங்களிடம் கொண்டுவாருங்கள், நாங்கள் கூட்டிச் சொல்கிறோம்.

குட்டி பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் 12 மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். குட்டியால் உறிஞ்ச முடியாவிட்டால் கறந்து புகட்டுவதற்கு, அதுவும் புரையேறாமல் புகட்டுவதற்கு, எங்களைக் கூப்பிடுங்கள். கழலையோடு பிறந்த குட்டி எழுந்து நின்றுவிட்டாலும் ஓட விடாதீர்கள். தைராய்டு குறைபாட்டில் முழங்கால், கணுக்கால் எலும்புகள் இறுகாமல் குருத்தெலும்பாகவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் முன் அதை வெளியில் விட்டால் அவை நசுங்கி, வாழ்நாள் முழுவதும் நொண்டும். தாய்க்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று நாங்கள் கேட்கும்போது “சத்துப் பொடிதான்” என்று மழுப்ப வேண்டாம், உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்பதில்லை. பொடியின் பெயரும் அளவும், எந்த மாதத்திலிருந்து கொடுத்தீர்கள் என்பதும் தெரிந்தால், அந்தக் குட்டிக்கு ஹார்மோன் கொடுப்பதா, அயோடினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதா என்று அன்றைக்கே முடிவெடுக்க முடியும்.