அக்வாவா, ஃபிட்டா? இரண்டு சிறிய ஹைபிரிட் கார்களின் பற்சக்கரக் கணக்கு

ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய சிறிய காரை வாங்கலாம் என்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு குடும்பம் முடிவெடுத்தால், பேச்சு பெரும்பாலும் டொயோட்டா அக்வா, ஹோண்டா ஃபிட் ஹைபிரிட் என்ற இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்; இரண்டிலும் 1.5 லிட்டர் எஞ்சின்தான். இரண்டின் அகலமும் 1,695 மில்லிமீட்டர்தான். எனவே நிறத்தையும், மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும், நாளை விற்றால் என்ன விலை போகும் என்பதையும் வைத்தே விவாதம் நடக்கிறது. ஆனால் இவற்றைப் பிரிக்கும் பெரிய வேறுபாடு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, யாரும் திறந்து பார்க்காத ஓர் உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது.

2011 டிசம்பரில் வெளிவந்த அக்வா, லிட்டருக்கு 35.4 கிலோமீட்டர் ஓடும் என்று ஜப்பானியச் சோதனையில் பதிவானது. 2013 செப்டம்பரில் மூன்றாம் தலைமுறை ஃபிட் ஹைபிரிட் 36.4 என்ற எண்ணோடு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அக்வா 37.0 என்று பதில் சொன்னது. இந்தப் போட்டியை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஜேசி08 என்ற அந்தச் சோதனை சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தை, சராசரியாக மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியை அணைத்துவிட்டு உருளைகளின் மேல் ஓட்டிப் பார்ப்பது. ஃபிட்டின் 36.4-உம் எடை குறைந்த அடிப்படை வகைக்கு மட்டுமே உரியது. சித்திரை வெயிலில் ஏசி போடாமல் யார் கார் ஓட்டுகிறார்கள்?

அக்வாவின் பெட்டிக்குள் இருப்பது, டொயோட்டா 1997-இல் ப்ரியஸ் காரில் கொண்டுவந்த கோள் பற்சக்கர அமைப்பு. நடுவில் சூரியச் சக்கரம். அதைச் சுற்றிவரும் சிறு கோள் சக்கரங்கள். எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் வளையச் சக்கரம். கோள்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சினும், சூரியனோடு ஒரு ஜெனரேட்டரும், வளையத்தோடு காரின் சக்கரங்களும் பெரிய மோட்டாரும் இணைந்துள்ளன. ப்ரியஸில் சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78 பற்கள். கார் சிக்னலில் நிற்கும்போது வளையம் அசையாது. அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றுகள் சுற்றினால், ஜெனரேட்டர் 3,600 சுற்றுகள் சுற்றி மின்சாரம் தரும். எஞ்சின் நின்றிருக்க மோட்டார் காரை நகர்த்தினால், அதே ஜெனரேட்டர் பின்னோக்கிச் சும்மா சுழலும். ஜெனரேட்டரின் வேகத்தை மின்சாரத்தால் கூட்டிக் குறைத்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான வேக விகிதம் தானாக மாறுகிறது. ஆகவே இந்தக் காரில் கிளட்ச் இல்லை, மாற்றுவதற்கு கியர்கள் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. பின்னால் எடுக்க மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் போதும்.

இந்த எளிமைக்கும் ஒரு விலை உண்டு. எஞ்சின் தரும் திருகுவிசையில் ஏறத்தாழ 72 விழுக்காடு வளையத்துக்கு நேராகப் போகிறது. மீதி 28 விழுக்காடு சூரியனுக்குப் போய், மின்சாரமாகி, மோட்டாரில் மறுபடியும் இயக்கமாகிறது. இப்படி இரண்டு முறை உருமாறும்போது ஒரு பங்கு வெப்பமாகக் கழிந்துவிடும். வேகத்தை அழுத்திக் கேட்டால் எஞ்சின் முதலில் உயர்ந்து இரைவதும் கார் சற்றுத் தாமதித்து அதை எட்டிப்பிடிப்பதும், எஞ்சினின் வேகம் சக்கரத்தின் வேகத்தோடு கட்டுண்டிராததால்தான். அது பழுது அல்ல. அக்வாவின் எஞ்சின் 74 குதிரைத்திறன், மோட்டார் 61; கூட்டினால் 135 வரவேண்டும், ஆனால் குறிப்பேடு 100 என்கிறது. பேட்டரி ஒரே நேரத்தில் தரக்கூடிய மின்சாரத்துக்கு வரம்பு இருப்பதே காரணம்.

ஃபிட்டில் ஹோண்டா வேறு வழியில் போனது. ஏழு கியர்கள், இரண்டு உலர் கிளட்சுகள், ஒரே மோட்டார். 1, 3, 5, 7 ஆகிய கியர்கள் ஒரு தண்டிலும், 2, 4, 6 இன்னொரு தண்டிலும் அமைந்திருக்க, மோட்டார் ஒற்றைப்படைத் தண்டோடு சேர்ந்திருக்கிறது. ஒரு கிளட்ச் விடும்போதே மற்றொன்று பிடிப்பதால் கியர் மாறுவது சட்டென நிகழ்கிறது. எஞ்சின் 110, மோட்டார் 29.5, இரண்டும் சேர்ந்தால் 137 குதிரைத்திறன். திறந்த சாலையில் எஞ்சினின் ஆற்றல் பற்சக்கரங்கள் வழியே நேராகச் சக்கரத்துக்குப் போய்விடுவதால், ஒரு வண்டியை முந்தும்போது ஃபிட் தரும் துள்ளலை அக்வாவிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் நெரிசலில் கதை மாறுகிறது. ஃபிட்டின் ஒரே மோட்டார் ஒரு நேரத்தில் காரைத் தள்ளலாம், அல்லது மின்சாரம் தரலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. பேட்டரியில் இருப்பு உள்ளவரை மோட்டாரே காரை ஊர்ந்து நகர்த்தும். ஏசியும் அதே பேட்டரியிலிருந்து மின்சாரம் உறிஞ்சுவதால் இருப்பு விரைவில் இறங்கும்; பிறகு எஞ்சின் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து, வழுக்கவிட்டபடி காரை நகர்த்த வேண்டும். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் அந்த உராய்வு வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது. ஃபிட் ஹைபிரிட், வெளிவந்த ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஐந்து முறை திரும்ப அழைக்கப்பட்டது. அவற்றில் சில இந்தக் கியர்பெட்டியை ஆளும் மென்பொருளைத் திருத்துவதற்காகவே. 2014 அக்டோபரில் ஹோண்டாவின் உயர் நிர்வாகிகள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அது பெரிய விவகாரமாயிற்று.

பேட்டரியைப் பற்றிய அச்சம் இரண்டு கார்களுக்கும் பொது. அக்வாவில் 144 வோல்ட் நிக்கல் பேட்டரி பின்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது, ஃபிட்டில் 172.8 வோல்ட் லித்தியம் பேட்டரி. இரண்டின் கொள்ளளவும் ஒரு கிலோவாட்-மணிக்குக் குறைவு. அதாவது ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டியை ஒரு மணி நேரம் சூடாக்கக்கூடப் போதாது. இவ்வளவு சிறிய பேட்டரி நாள் முழுவதும் நிரம்பிக் காலியாகிக்கொண்டே இருப்பதால், அதன் ஆயுளை வெப்பமே தீர்மானிக்கிறது. அக்வாவில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள சிறு துளைகள் வழியே, பயணிகள் அமரும் பகுதியிலிருந்துதான் உள்ளே போகிறது. அந்தத் துளைகளை அரிசி மூட்டையோ பள்ளிக்கூடப் பையோ மறைத்துவிட்டால், ஏசியின் குளிர்ச்சி நமக்குக் கிடைக்கும், பேட்டரிக்குக் கிடைக்காது.

இடவசதியில் ஃபிட்டுக்கே என் வாக்கு. பெட்ரோல் தொட்டியை முன்னிருக்கைகளுக்கு அடியில் வைத்திருப்பதால், பின்னிருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கி, உயரமான பூந்தொட்டியைக்கூட நிமிர்த்தி வைக்கலாம். கூரையும் அக்வாவைவிட 80 மில்லிமீட்டர் உயரம்.

2020-இல் வந்த அடுத்த ஃபிட்டில் ஹோண்டா அந்த ஏழு கியர்களையும் கைவிட்டு இரண்டு மோட்டார்களுக்கு மாறியது; 2021-இல் புதுப்பிக்கப்பட்ட அக்வாவில் அதே கோள் சக்கரங்கள் தொடர்ந்தன. பழைய ஃபிட்டைப் பார்க்கப் போகிறவர் ஏசியை முழு வேகத்தில் வைத்து, பேட்டரி அளவு கீழே இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒரு மேட்டில் நடை வேகத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போது கார் குலுங்கினாலோ, கருகல் வாடை வந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.