நேர்த்தி எப்போது முடியும்?

"பிள்ளை எதைச் செய்தாலும் நேர்த்தியாத்தான் செய்வா, மிஸ். அதுதான் இப்ப கரைச்சல்." உவர்மலையிலிருந்து மகளைக் கூட்டிவந்த அம்மா பேச்சை இப்படித்தான் தொடங்கினார். (ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகள் உயர்தரம் படிக்கிறார். ஒரு எழுத்துப் பிசகினாலும் தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதுவார். இரவு ஒரு மணிக்கும் அதே கட்டுரை. கடைசியில் ஒப்படையைக் கொடுப்பதே இல்லை.

உளவள ஆலோசகராக இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். ஆனால் அன்று மனதில் நின்றது அம்மா சொன்ன அந்தச் சொல்தான்.

திருகோணமலையில் நேர்த்தியை இரண்டு விதமாகச் சொல்வோம். தையல் நேர்த்தி, கோலம் நேர்த்தி என்பது ஒன்று. "பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வச்சிருக்கிறன்" என்பது மற்றது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றே நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். வேர் ஒன்றுதான்: நேர். நேர்தல் என்றால் பொருந்துதல், உடன்படுதல், கொடுத்தல். தருகிறேன் என்று சாமியிடம் உடன்பட்டு விட்ட கிடாய், நேர்ந்துவிட்ட கிடாய். உடம்புக்குப் பொருந்தத் தைத்த சட்டை, நேர்த்தியான சட்டை. குறையே இருக்கக் கூடாது என்ற கட்டளை அந்த வேரில் இல்லை.

பிள்ளைகள் வாயில் அதிகம் வருகிற 'பெர்ஃபெக்ட்' இன்னும் வேடிக்கை. லத்தீனில் பெர்ஃபெக்டஸ் என்றால் 'செய்து முடிக்கப்பட்டது'. ஆங்கில இலக்கணத்தில் 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' என்று படிக்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால், நள்ளிரவில் கிழிபடுகிற கட்டுரை எந்த மொழியிலும் பெர்ஃபெக்ட் இல்லை.

சரி, கிழிக்கிற கையை எது ஆட்டுகிறது? குறையே இருக்கக் கூடாது என்ற இந்த எதிர்பார்ப்பை ஹியூவிட், ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991இல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. அமெரிக்க, கனடிய, பிரித்தானிய மாணவர்களிடையே 1989 முதல் 2016 வரை மூன்றுமே கூடியதாகப் பின்னாளில் ஓர் ஆய்வு காட்டியது. மிக அதிகமாகக் கூடியது மூன்றாவது. அதை வாசித்தபோது, சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் 'ஏ' எடுத்தவர்களுக்காகப் பாடசாலை மதில்களில் நாம் கட்டுகிற '9 ஏ' பதாகைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

தாளைக் கிழித்ததும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் கிழிக்கச் சொல்கிறது. கிழிக்காமல் இருந்தாலும் பதற்றம் ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கும். அதை உடம்பு ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். வாயால் சொல்லிப் பயனில்லை.

அதனால் கோயில் நேர்த்தியையே கையில் எடுத்தேன். 108 தேங்காய் உடைப்பதாக நேர்ந்தவர், 108 முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். "109ஆவது கொஞ்சம் வடிவா உடையட்டும்" என்று நிற்பதில்லை. பிள்ளை சிரித்தார். ஒரு கட்டுரைக்கு 45 நிமிடம்; பிழையை ஒரு கோட்டால் வெட்டலாம், கிழிக்கக் கூடாது; நேரம் முடிந்தால் கொப்பியை மூட வேண்டும் என்று இருவரும் உடன்பட்டோம். முதல் வாரம் அழுதிருக்கிறார்.

துப்புரவை விரும்புகிற எல்லாருக்கும் ஆலோசனை தேவையில்லை. வேலை முடியாமலே கிடப்பது, தூக்கம் குறைவது, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, கையைக் கழுவிக்கொண்டே இருப்பது எல்லாம் வாரக்கணக்கில் நீண்டால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். ஓசிடியாகவும் (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வருகிற மனநோய்) இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு. "வாழவே பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.

ஐந்தாவது முறை வந்தபோது பிள்ளை கொப்பியை நீட்டினார். ஒரு பக்கத்தில் மூன்று சொற்கள் வெட்டப்பட்டிருந்தன, தாள் முழுசாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி எழுதச் சொல்லட்டா, மிஸ்?"